ஷட்டருக்குப் புதுப் பூட்டு போடும் முன் இதைப் படியுங்கள்

திருநெல்வேலி டவுனில் ஒரு பலசரக்குக் கடை. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த வாரமே ஒரு ஃபிட்டர் வந்து, "அண்ணாச்சி, இந்த ஷட்டர நம்பியா ராத்திரி தூங்குதிய?" என்று பேச்சுக் கொடுத்திருக்கிறார். இரண்டு சைடு லாக், நடுவில் தரையோடு ஒரு கொண்டி, அதற்குப் பூட்டு, எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். பில் இல்லை, துண்டுச்சீட்டில் தொகை மட்டும். அடுத்த கடைக்காரரும் அவரிடமே வேலை கொடுத்தார். ஒருநாள் காலையில் கடைப்பையன் அடுத்த கடைச் சாவிக்கொத்தை மாற்றி எடுத்து வந்து திருப்ப, சைடு லாக் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள்.

லாக்கின் மேல் '7 லீவர்' என்று அச்சு. லீவர் என்பது சாவி திருப்பும்போது உயரும் உள்தகடு. பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே இருந்தது மூன்று. இதைப் பூட்டைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சாவிப் பல்லில் உள்ள வெட்டுகள் வெவ்வேறு ஆழத்தில் இருக்க வேண்டும். எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழம் என்றால் எத்தனை லீவர் இருந்தும் பயனில்லை. இரண்டு பூட்டு வாங்கினால் சாவியை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கடையில் நின்றே. சாவி உறையையும் உங்கள் கண் முன்னால்தான் பிரிக்க வேண்டும். இங்கே பிரித்த உறைதான் கைக்கு வந்தது.

தரைக்கொண்டி அதைவிட மோசம். தகட்டை டைல்ஸ் மேலேயே வைத்து, பிளாஸ்டிக் பிளக்கில் ஒன்றரை இஞ்ச் ஸ்குரு நாலு. டைல்ஸும் அடியில் உள்ள கலவையும் சேர்ந்து அந்த நீளத்தைத் தின்றுவிடும், ஸ்குரு கான்கிரீட்டைத் தொடாது. கடப்பாரை முனை நுழைந்தால் பிளக்கோடு பிடுங்கிக்கொண்டு வரும். டைல்ஸை வெட்டி எடுத்து, கான்கிரீட்டில் 12 மி.மீ. கனம், 100 மி.மீ. நீளமுள்ள ஆங்கர் போல்ட் இறக்கி, இறுக்கியபின் நட்டை போல்ட்டோடு சேர்த்து வெல்டிங் வைப்பதுதான் முறை. நடுவில் இந்தப் பிடி இல்லாவிட்டால் ஓரம் இரண்டும் பூட்டியிருந்தும் ஜாக்கி வைத்து நடுவைத் தூக்கலாம். ஷட்டர் பட்டை வளைந்து ஆள் நுழையும் அளவு இடைவெளி கிடைக்கும்.

சைடு லாக்கின் தாழ், ஷட்டர் ஏறி இறங்கும் பக்கச் சட்டமான கைடு சேனலுக்குள் அரை இஞ்ச்தான் போனது. ஒரு இஞ்ச்சாவது போகவேண்டும். வெல்டிங்கோ இரண்டு பொட்டு, மேலே பட்டி தடவி சில்வர் பெயிண்ட். பெயிண்ட் அடிக்குமுன் பார்க்காவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது.

பூட்டின் வளையத்தில் உள்பக்கமாக அரத்தை ஒரு இழுப்பு இழுங்கள். குரோம் பூச்சைத் தாண்டியும் வழுக்கினால் கெட்டிப்படுத்திய இரும்பு. கடித்தால் ஆக்ஸா பிளேடும் கடிக்கும். திண்டுக்கல் பூட்டு என்று சொல்லித்தான் இதை விற்றிருக்கிறார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலை அது. இதுவோ அச்சில் அடித்த சரக்கு.

கடைக்குத் திருட்டுக் காப்பீடு இருக்கிறதே என்பவர்கள் இதைக் கவனியுங்கள். பொதுவாக அந்தப் பாலிசிகள் பலவந்தமாக நுழைந்து திருடினால்தான் பணம் தரும். பாலிசியில் அப்படி எழுதியிருந்தால் அப்படித்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்லிவிட்டது. இன்னொரு கடைச் சாவியில் திறந்து, எடுத்து, திரும்பப் பூட்டிவிட்டுப் போனால் உடைத்த தடயம் எங்கே? சரக்கும் போய், கிளெய்மும் சிக்கலில் நிற்கும். பாலிசியை எடுத்து அந்த வரியை வாசியுங்கள்.

2023 டிசம்பரில் வெள்ளம் ஏறிய ஜங்ஷன் பக்கக் கடைகளில் தாழ் இறங்கும் தரைக்குழியைத் தோண்டிப் பாருங்கள். வண்டல் நின்றால் தாழ் பாதிதான் இறங்கும். ஆனி, ஆடிக் காற்றில் வரும் மண் வேறு. தேங்காய் எண்ணெய் விட்டால் தூசியைப் பிடித்துப் பிசினாகும். கிராஃபைட் பவுடர் போதும்.

ஃபிட்டர் இப்போது போன் எடுப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லில் லீவர் எண்ணிக்கை, போல்ட் அளவு, பட்டை மாற்றினால் அதன் கேஜ் (18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. கனம்) எழுதி வாங்குங்கள். துண்டுச்சீட்டு மட்டும் உள்ளவர்கள் பணம் அனுப்பிய ஜிபே பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். அதையும் ஆதாரமாகக் காட்டலாம்.