‘செர்னோபில் பிரேயர்’: மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்ட முந்நூறு பக்கங்கள்

செர்னோபில் அணுமின் நிலைய விபத்தில் சிக்கியவர்களின் வாக்குமூலங்களை பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் தொகுத்த நூல் ‘செர்னோபில் பிரேயர்’. அதை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. ஏறத்தாழ முந்நூறு பக்கங்களே கொண்ட நூல்தான். நடையிலும் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் முதல் வாக்குமூலத்தை ஓர் இரவில் படித்துவிட்டு உறங்க முடியாமல் போனதால், அதன் பின் பகலில் மட்டுமே படிப்பது, ஒரு நாளைக்கு மூன்று பேருக்கு மேல் கேட்பதில்லை என்று வரம்பு வைத்துக்கொண்டேன். வாங்க நினைப்பவர்களுக்கும் இதையே முதலில் சொல்வேன்.

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்கு நான்காம் உலை வெடித்ததில் தொடங்கும் கதையை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்பவர் ஏமாறுவார். உலையின் அமைப்பும் அன்றைய சோதனையில் நடந்த தவறுகளும் இதில் விளக்கப்படவில்லை. அணுமின் நிலையம் இருந்தது உக்ரைனில். கதிரியக்கத் தூசியில் பெரும்பங்கு விழுந்ததோ, அப்போது ஓர் அணுமின் நிலையம்கூட இல்லாத பெலாரஸில். 485 ஊர்களைப் பெலாரஸ் இழந்தது, அவற்றில் 70 ஊர்கள் மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டன என்ற குறிப்பு நூலின் தொடக்கத்திலேயே வருகிறது. வீட்டைப் புதைத்தார்கள், கிணற்றைப் புதைத்தார்கள், மேல்மண்ணைச் சுரண்டியெடுத்து அந்த மண்ணையும் மண்ணுக்குள் புதைத்தார்கள். அவ்வேலைக்கு அனுப்பப்பட்ட படைவீரர்கள், திரும்பி வந்து தனியாகக் குடியிருந்த மூதாட்டிகள், வேட்டைக்காரர்கள், ஆசிரியர்கள், அறிவியலாளர்கள், குழந்தைகள் எனப் பலரும் தத்தம் குரலில் பேசுகிறார்கள். ஆசிரியர் கேட்ட கேள்விகள் அச்சில் இல்லை.

முதலில் பேசுபவர், தீயை அணைக்கச் சென்ற வசீலி இக்னதென்கோவின் மனைவி. மாஸ்கோவின் ஆறாம் எண் மருத்துவமனையில் கணவர் இறக்கும்வரை உடனிருந்த நாள்களை அவர் சொல்கிறார். கர்ப்பிணி என்று தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அதை மறைக்கிறார். அங்கே கிடப்பது உன் கணவன் அல்ல, கதிரியக்கப் பொருள் என்று எச்சரித்தவர்களையும் மீறி அவர் அருகிலேயே இருக்கிறார். உடல் வீங்கியிருந்ததால் காலணி அணிவிக்க முடியாமல் வெறுங்காலுடன் அடக்கம் செய்தார்கள் என்ற இடத்தில் நான் நூலை மூடி வைத்தேன். அச்சமூட்டும் நூல் என்று நினைத்து வாங்கியிருந்தேன். முதல் முப்பது பக்கங்களில் நான் படித்தது, பெரும்பாலும், ஒரு பெண் தன் கணவன் மீது வைத்திருந்த காதலைத்தான்.

ஆயினும் என்னை இன்றும் விடாமல் இருப்பது, கதவு பற்றிய வாக்குமூலம். அணுமின் நிலையத்தை ஒட்டியிருந்த பிரிப்யத் நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவர், தன் வீட்டுக் கதவை எடுத்துவர இரவில் மோட்டார் சைக்கிளில் திருட்டுத்தனமாகச் செல்கிறார். இறந்தவரைக் கதவின் மேல் கிடத்துவது அவர்கள் குடும்ப வழக்கம்; அவருடைய தந்தையை அதில்தான் கிடத்தினார்கள். அதே கதவின் ஓரத்தில் அவருடைய மகனும் மகளும் வளர்ந்த உயரம் ஆண்டுவாரியாகக் கோடு போட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னர் அவருடைய சிறு மகளையும் அதே கதவில் கிடத்த நேர்கிறது. எங்கள் வீட்டு நிலையிலும் பென்சில் கோடுகள் உண்டு. வெள்ளையடிக்கும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுமாறு அம்மா சொல்வார். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி மக்களைப் பேருந்தில் ஏற்றினார்கள் என்ற செய்தியை நான் முன்பே பலமுறை படித்திருந்தேன். அந்தச் சொல்லை நம்பிப் போனவர் எதையெல்லாம் விட்டுப் போனார் என்பது, இந்தக் கதவைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதி நூலைக் கடந்தபோது, ‘அடுத்தவர் இதைவிடக் கொடியதைச் சொல்வாரா’ என்ற எதிர்பார்ப்போடு நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் சுட்டுக்கொல்ல அனுப்பப்பட்ட வேட்டைக்காரர்களின் பகுதியில், குண்டு தீர்ந்துபோனதால் உயிரோடு புதைக்கப்பட்ட ஒரு நாய்க்குட்டி வருகிறது. அதைப் படித்தபோதுதான் என் எதிர்பார்ப்பு எனக்கே அருவருப்பாயிற்று. நூலில் சிரிப்பும் இருக்கிறது என்பது அப்போது உதவியது. சந்தையில் ஒரு பெண் செர்னோபில் ஆப்பிள் என்று கூவி விற்கிறாள். ஊரைச் சொன்னால் யார் வாங்குவார் என்று கேட்டதற்கு, மாமியாருக்கும் மேலதிகாரிக்கும் வாங்கிப் போகிறார்கள் என்கிறாள்.

குறையென்று கூற இரண்டு உண்டு. ஏறத்தாழ எல்லோரும் ஒரே சுருதியில், ஒரே வகையான கவித்துவத்தோடு பேசுவதுபோல் சில இடங்களில் தோன்றுகிறது; பேசியவரின் சொல் எங்கே முடிகிறது, தொகுத்தவரின் கை எங்கே தொடங்குகிறது என்பதை வாசகரால் பிரித்தறிய முடிவதில்லை. இரண்டாவது, நினைவை மருத்துவச் சான்றாகக் கொள்ளும் ஆபத்து. செர்னோபிலிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே அணிந்திருந்த தன் தொப்பியைச் சிறு மகனுக்குக் கொடுக்கிறார். ஈராண்டுகளில் மகனுக்கு மூளையில் கட்டி. தந்தை இரண்டையும் இணைத்துப் பார்ப்பது இயல்பே, ஆனால் அந்த ஒரு தொப்பியே காரணம் என்று மருத்துவத்தால் நிறுவ முடியாது. கதிரியக்கம் கொண்ட அயோடின்-131 கலந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் பெருகியதோ ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. மிகுதியான கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களிடையே இறப்பு இறுதியில் 4,000 வரை போகலாம் என்று 2005-இல் ஐ.நா. அமைப்புகள் இடம்பெற்ற குழு மதிப்பிட்டது. அதைக் குறைவு என்று மறுப்போரும் உண்டு. அந்த வழக்கைத் தீர்க்க இந்நூலை நாடக் கூடாது. கூடங்குளம் பற்றிய விவாதத்தில் இதை எடுத்து வீசுவோரும் அங்கிருப்பது வேறு வகை உலை என்பதை நினைவில் கொள்வது நல்லது. அதே வேளையில், உண்மையைச் சொல்லாமல் மறைத்த அதிகாரிகளைப் பற்றி இவர்கள் சொல்பவை எந்த வகை உலைக்கும் பொருந்தக்கூடியவை.

ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. 2005-இல் கீத் கெஸ்ஸன் மொழிபெயர்ப்பில் ‘வாய்ஸஸ் ஃப்ரம் செர்னோபில்’ என்ற பெயரில் வந்தது முதலாவது. ஆசிரியர் பின்னர் திருத்தி விரித்த பதிப்பிலிருந்து அன்னா குனினும் ஆர்ச் டெய்ட்டும் செய்து 2016-இல் பெங்குயின் வெளியிட்டது இரண்டாவது. நான் படித்தது இரண்டாவதை. வாங்குவதாயின் அதையே வாங்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்குமுன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது அவசியம். நூலின் இறுதியிலும் முதலில் வருவதைப் போலவே ஒரு மனைவி பேசுகிறார். அவருடைய கணவர் செர்னோபிலில் துப்புரவுப் பணிக்கு அனுப்பப்பட்டவர். மற்றவற்றையெல்லாம் இந்த மதிப்புரைக்காக மீண்டும் புரட்டினேன். அந்தப் பக்கங்களை மட்டும் இன்னும் திறக்கவில்லை.