மாத்திரை வாசலுக்கு வருது, பேச்சும் வரட்டும்

ஈரோடு மாவட்டத்தில் கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் ஊர். இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் லெஸ்டரிலிருந்து இந்த முறை போனபோது, சுகர் உள்ள என் பெரியம்மாவுக்கு ஊரில் என்ன கவனிப்பு கிடைக்கிறது என்று நிதானமாகப் பார்க்க முடிந்தது.

'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வயசானவர்கள் சுகர், பிரஷர் மாத்திரைக்காக பஸ் ஏறிப் போய்க் காத்துக் கிடக்க வேண்டியதில்லை, மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. கொண்டுவருகிற அக்கா மகளிர் குழுவிலிருந்து வந்தவர், எங்கள் தெருவுக்குத் தெரிந்த முகம். இங்கிலாந்தில்கூட என் மாமியாருக்கு இப்படி ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்ததில்லை. இதை மனசாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்தத் திண்ணையில் மாத்திரையோடு இன்னொன்றும் நடந்தது. "ஏனுங் ஆத்தா, செத்த காலைக் காட்டுங்" என்றார் அக்கா. பெரியம்மா, "காலுக்கென்ன கண்ணு, மதமதன்னு இருக்குது, அவ்வளவுதான்" என்றார். அந்த மதமதப்புதான் ஆபத்து. நரம்பு மரத்துப்போனால் முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியாது. அடுத்த வீட்டுப் பெரியவர் தைப்பூசத்துக்குப் பழனிக்குச் செருப்பில்லாமல் நடந்து போனவர். பாதத்தில் புண் வந்ததை, வேட்டியில் ஈரம் பட்ட பிறகுதான் பார்த்தாராம். அவர் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு அம்மா உள்ளே போய் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து தரையில் வைத்து, தன் உள்ளங்காலைப் பார்த்தார். டாக்டர் சொல்லிக் கேட்காதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் கேட்டார்கள்.

இந்தப் பேச்சைத்தான் முறையாக வளர்க்க வேண்டும் என்கிறேன். லெஸ்டரில் டெஸ்மண்ட் என்று ஒரு வகுப்பு இருக்கிறது. டைப் 2 சுகர் உள்ள சிலர் ஒன்றாக உட்கார்ந்து, சர்க்கரை ஏன் ஏறுகிறது, சாப்பாட்டில் எதை மாற்றலாம் என்று தாங்களே பேசித் தெரிந்துகொள்கிறார்கள். என் வீட்டுக்காரர் போய் வந்த பிறகு மாத்திரையைத் தவறவிட்டதே இல்லை. ஊரிலோ டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பெரியம்மாவுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், மூணு மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எதற்கு என்றுகூட யாரும் விளக்கவில்லை.

அதனால்தான் தப்பான நம்பிக்கைகள் ஊன்றிப்போகின்றன. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை போகிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. "நாட்டுச்சர்க்கரைதானுங், சுகர்காரங்களுக்கு ஒண்ணும் ஆவாதுங்" என்று டீக்கு ரெண்டு ஸ்பூன் போடுவார்கள். வெள்ளைச் சர்க்கரையோ நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ, பெரும்பகுதி சுக்ரோஸ்தான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். ராகிக் களியும் அப்படியே: நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுச்சத்து. உருண்டையைச் சின்னதாக்கி, கொள்ளுப் பருப்பும் கீரையும் கூட்டிக்கொண்டால் சரியாக இருக்கும். நம்ம ஊர்ச் சாப்பாட்டைவிட்டு ஓட்ஸுக்கு ஓட வேண்டியதில்லை.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும். அப்போது மட்டும் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ உடனே குடிக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் இன்சுலின் போடும் ஒரு பையன் வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் இது தெரிந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் தெரிய வேண்டாமா?

ஊருக்குப் போகிறவர்கள் அப்பா அம்மாவிடம் "சுகர் எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பாருங்கள். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

நாங்கள் கிளம்புவதற்கு முன்னால் சமுதாயக் கூடத்தை மாதம் ஒரு சாயங்காலம் தர முடியுமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்து பேசச் சம்மதித்துவிட்டார். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் மோனோஃபிலமெண்ட் இழையையும் கண்ணாடிகளையும் வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு.