ரெய்டு கார்டா, இசட்எஃப்எஸ்ஸா? துறைமுகப் பக்கத்து சர்வருக்கு எது நல்லது

சென்னை ராயபுரத்தில் நான் பார்த்துக்கொள்ளும் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் பழைய சர்வரை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. முதலாளிக்கு வேகமும் தெரியாது, மாடலும் தெரியாது. "ஏதாவது கெட்டுப்போனால் எப்போது திரும்ப வேலை நடக்கும்?" என்று மட்டும் கேட்டார். அவர் தொழிலுக்கு அது சரியான கேள்வி. இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத்துறையிடம் தரும் பில் ஆஃப் என்ட்ரி ஆவணத்தின் காலக்கெடு தவறினால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கன்டெய்னர் யார்டில் நிற்கும் வாடகை தனி.

டிஸ்க்குகளை எப்படி அமைப்பது என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, காலங்காலமாகப் போட்டுவரும் வன்பொருள் ரெய்டு கார்டு; ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளை அதுவே ஒன்றாகச் சேர்த்து நடத்தும். மற்றொன்று, டிஸ்க்குகளை நேரடியாகக் காட்டும் சாதாரண எச்பிஏ கார்டு போட்டு, பிராக்ஸ்மாக்ஸில் (ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளாலான கணினிகளை, ஓட்டும் லினக்ஸ் அமைப்பு) இசட்எஃப்எஸ் மிரர். இசட்எஃப்எஸ் என்பது டிஸ்க்குகளைத் தானே சேர்த்து நடத்தும் கோப்பு அமைப்பு; மிரர் என்றால் ஒரே தகவலின் பிரதி ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்கில் இருக்கும். நான் இரண்டாவதைத்தான் போட்டேன்.

வேகம், விலை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். டேலியும், ஸ்கேன் செய்த ஆவணங்களும், நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களும் ஓடும் அலுவலகத்துக்கு இரண்டின் வேகமும் போதும். ரெய்டு கார்டுக்குக் கொடுக்கும் பணத்தை இசட்எஃப்எஸ்ஸில் ரேமுக்குக் கொடுக்க வேண்டும். அடிக்கடி படிக்கும் தகவலை ரேமில் வைத்துக்கொள்ளும் அதன் கேஷ் லினக்ஸில் பல பதிப்புகளில் மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். விர்ச்சுவல் மெஷின்கள் இருந்தால் அதற்கு உச்சவரம்பு வைத்துவிடுவது நல்லது.

ரெய்டு கார்டுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தே ஆக வேண்டும். டிஸ்க் போனால் அதைச் செருகியிருக்கும் தட்டில் ஆரஞ்சு விளக்கு எரியும். இரவு நேரத்தில் அலுவலகத்தில் இருக்கும் யாரிடமாவது போனில் சொன்னால், அதை உருவிப் புதியதைச் செருகிவிடுவார்கள்; மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும். இசட்எஃப்எஸ்ஸில் இந்த வசதியை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை வெள்ளை டேப்பில் எழுதித் தட்டின் முகப்பில் ஒட்டியிருக்கிறேன். டிஸ்க்குகளை அந்தச் சீரியல் எண் தெரியும் பெயரிலேயே பூலில் (இசட்எஃப்எஸ் ஒன்றாக நடத்தும் டிஸ்க்குகளின் தொகுப்பு) சேர்த்தால், கோளாறு வரும்போது திரையில் வரும் எண்ணும் தட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகும்.

என் முடிவைத் தீர்மானித்தது டிஸ்க் போகும் நாள் அல்ல, கார்டு போகும் நாள். ரெய்டு கார்டு தன் அமைப்பு விவரங்களைத் தன் தயாரிப்பாளரின் வடிவத்தில் டிஸ்க்குகளில் எழுதிவைக்கிறது. கார்டு செத்தால், டிஸ்க்குகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும், அதே வகைக் கார்டு கிடைக்கும்வரை உள்ளே இருப்பது கைக்கு எட்டாது. மணலி பக்கத்தில் ஒரு கிடங்கில் இப்படி நடந்ததைப் பார்த்தேன். ஒரு டிஸ்க்கில்கூடப் பழுது இல்லை. ரிச்சி தெருவில் கடை கடையாகக் கேட்டும் அந்தத் தலைமுறைக் கார்டு கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து பழைய கார்டு ஒன்று வந்து சேரும்வரை வேலை நின்றது. அந்த இடத்தில் இசட்எஃப்எஸ் மிரர் இருந்திருந்தால், சாட்டா போர்ட்டுகள் உள்ள ஏதோ ஒரு கணினியில் டிஸ்க்குகளை மாட்டி, உபுண்டு யூஎஸ்பியில் பூட் செய்து, பூலை இம்போர்ட் செய்துவிடலாம். முதலில் படிக்க மட்டும் என்ற நிலையில் இம்போர்ட் செய்து, தேவையான கோப்புகளை நகலெடுத்துக்கொள்வது என் வழக்கம். ஒரு எச்சரிக்கை: பூலைப் புதிய பதிப்புக்கு அப்கிரேடு செய்யச் சொல்லித் திரையில் செய்தி வந்தால் அவசரப்பட வேண்டாம். அப்கிரேடு செய்துவிட்டால், பழைய பதிப்பு உள்ள கணினியில் அது திறக்காமல் போகலாம். எங்கும் திறக்கலாம் என்ற வசதியே போய்விடும்.

அடுத்த காரணம் நம் ஊர்க் காற்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் கம்பியே உப்புக் காற்றில் அரித்துப்போகிறது. கேபிள் முனைகள் எம்மாத்திரம்? இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது தகவல் துண்டுக்கும், அது மாறியிருக்கிறதா என்று சரிபார்க்கும் செக்சம் எண் ஒன்றை வைத்திருக்கிறது. பூலின் நிலையைக் கேட்டால் படிப்பு, எழுத்து, செக்சம் என மூன்று வகைப் பிழைகளின் எண்ணிக்கையைக் காட்டும். ஒருமுறை படிப்பும் எழுத்தும் பூஜ்யமாகவே இருக்க, ஒரே டிஸ்க்கில் செக்சம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்படி என்றால் டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளைப் பார்க்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் சாட்டா முனையில் வெளிர்பச்சை பூத்திருந்தது. கேபிளை மாற்றி, எண்ணை அழித்து, பூலில் உள்ள தகவல் முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கரப் ஓட்டினேன். எண் பூஜ்யத்திலேயே நின்றது. கெட்டுப்போன பிளாக்குகளை மற்ற டிஸ்க்கில் இருந்த நல்ல பிரதியிலிருந்து அதுவே சரிசெய்திருந்தது. எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே நேரத்தில் செக்சம் ஏறினால் சந்தேகம் ரேம், எச்பிஏ, பவர் சப்ளை பக்கம் போக வேண்டும்.

சாதாரண ரெய்டு கார்டு இதைச் சொல்லியிருக்காது. டிஸ்க் "படிக்க முடியவில்லை" என்று சொன்னால் அதற்குப் புரியும். தவறான தகவலை டிஸ்க் தயக்கமின்றிக் கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்ளும். கார்டு இல்லாமல் மென்பொருளால் நடக்கும் லினக்ஸின் எம்டி ரெய்டும் எந்தக் கணினியிலும் திறக்கும். ஆனால் இரண்டு பிரதிகள் மாறுபட்டால் எது சரி என்று அதற்கும் தெரியாது.

மின்வெட்டைப் பொறுத்தவரை, டிஸ்க்கில் எழுதக் காத்திருக்கும் தகவலைக் கார்டின் கேஷில் காப்பாற்றும் பேட்டரி பழைய கார்டுகளில் எனக்குத் தீராத தொல்லை. வெயிலில் அது சீக்கிரம் சாகும். செத்ததும் கார்டு கேஷை நிறுத்திவிட்டு நேரடியாக எழுதத் தொடங்கும், அலுவலகம் முழுவதும் "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்று புகார் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எழுதி முடிக்காத தகவலை அந்த பேட்டரிகள் தாங்குவது ஏறத்தாழ 3 நாட்கள்தான். மின்சாரம் போனதும் அந்தத் தகவலை நிரந்தர நினைவகத்தில் எழுதிவைக்கும் கெபாசிட்டரும் ஃபிளாஷும் புதிய கார்டுகளில் வந்துவிட்டதால் இந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

4 டிபி டிஸ்க் ஒன்றை மாற்றினால், கார்டு அந்த 4 டிபி முழுவதையும் எழுதும். நொடிக்கு 150 எம்பி என்று வைத்தாலும் 7 மணி நேரத்துக்கு மேல். இசட்எஃப்எஸ் பயன்பாட்டில் உள்ள அளவை மட்டும் நகலெடுக்கும். ஆனால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளை அதற்குக் கொடுக்கக் கூடாது. இந்த வேலையில் தாறுமாறாக மந்தமாகிவிடும்.

எல்லோரும் இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் சர்வரை நேரடியாக வன்பொருளில் நிறுவுகிறவர்களுக்கு ரெய்டு கார்டுதான் பொருத்தம். டெபியன் லினக்ஸில் இசட்எஃப்எஸ் கர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) வெளியே தனி மாட்யூலாகத் தொகுக்கப்படுவதால், கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு அது சரியாக ஏறியதா என்று பார்த்துவிட்டே வீட்டுக்குப் போக வேண்டும். பிராக்ஸ்மாக்ஸிலும் உபுண்டுவிலும் தயாராகவே வருகிறது. இருபது முப்பது டிஸ்க் கொண்ட பெரிய அமைப்புகளை நான் நடத்தியதில்லை. அங்கே என் அனுபவத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

இப்போது கார்டை மாற்ற முடியாதவர்கள், அதே மாடலில் இன்னொன்றைக் கிடைக்கும்போதே வாங்கி அலமாரியில் வையுங்கள். பேட்டரி நிலையை மாதம் ஒருமுறை பாருங்கள். கார்டு உருவாக்கிய ரெய்டின் மேல் இசட்எஃப்எஸ் போடாதீர்கள். டிஸ்க்கின் உண்மை நிலை அதற்குத் தெரியாமல் போய்விடும், கார்டு செத்தால் பழைய சிக்கலும் அப்படியே இருக்கும்.