ஹக்ஸ்லியா, போலனா: எதை முதலில் படிப்பது?

சைக்கடெலிக் பொருள்கள் (புலனுணர்வையும் மனநிலையையும் மாற்றும் போதைப்பொருள்கள்) தரும் அனுபவத்துக்கும் ஆன்மிகத்துக்கும் உள்ள உறவை அறிய விரும்புவோர் தொடங்குவதற்கு இரண்டு நூல்களைச் சொல்லலாம்: ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'தி டோர்ஸ் ஆஃப் பெர்செப்ஷன்' (1954), மைக்கேல் போலனின் 'ஹவ் டு சேஞ்ச் யுவர் மைண்ட்' (2018).

ஹக்ஸ்லியின் நூல் சிறியது. 1953 மே மாதத்தில், மனநல மருத்துவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டின் மேற்பார்வையில் மெஸ்கலின் என்னும் சைக்கடெலிக் பொருளை உட்கொண்ட ஒரு நாளின் அனுபவத்தையே அது விரித்துரைக்கிறது. குவளையிலிருந்த மூன்று மலர்களிலும் தம் காற்சட்டையின் மடிப்புகளிலும் பேரழகைக் கண்ட அவர், எல்லையற்ற பேருணர்வைப் பிழைப்புக்குத் தேவையான அளவுக்குக் குறுக்கித் தரும் வால்வே மூளை என்னும் கருத்துக்கு வந்துசேர்கிறார். இது நிறுவப்பட்ட அறிவியலன்று. ஆயினும் வேதாந்தம் பயின்ற வாசகருக்கு இது அந்நியமாகப் படாது (ஹக்ஸ்லியே தென் கலிபோர்னிய வேதாந்த சங்கத்துடன் நெருங்கிப் பழகியவர்தான்). மலர்களில் அவ்வளவு ஆழ்ந்தவர், அறையில் உடனிருந்தவர்களின் கண்களை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்ததாக ஒளிக்காமல் எழுதியிருப்பதே எனக்கு இந்நூலின் மிகச் சிறந்த இடம்.

போலனோ ஐயத்துடன் அணுகும் பத்திரிகையாளர். அறுபதை ஒட்டிய வயதில் எல்எஸ்டி, சிலோசைபின் ஆகிய சைக்கடெலிக் பொருள்களைத் தாமே உட்கொண்டு பார்த்ததோடு, புற்றுநோயாளிகளின் மரண பயத்தைத் தணிக்க நடந்த ஆய்வுகளையும் பொறுமையாக விளக்குகிறார். வரலாற்றுப் பகுதி சற்றே நீளம். ஆனால் தம் இதயத் துடிப்புச் சீர்கேட்டால் எம்டிஎம்ஏ என்னும் போதைப்பொருளைத் தவிர்த்ததைச் சொல்லுமளவுக்கு ஆபத்துகளிலும் கவனம் வைக்கிறார். ஆகவே புதியவர்கள் போலனை முதலில் படிப்பதே நல்லது.