நீரைத் தாங்கும் கண்ணாடி இழை எது? ஈ, ஈசிஆர், ஏஆர் – ஓர் ஒப்பீடு

தண்ணீர் கண்ணாடியை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை சன்னல் கண்ணாடிக்கு ஏறத்தாழப் பொருந்தும்; 10 முதல் 20 மைக்ரான் வரை மட்டுமே விட்டமுள்ள இழைக்குப் பொருந்தாது. எடையோடு ஒப்பிட்டால் இழையின் மேற்பரப்பு மிகப் பெரியது என்பதால், அங்கே ஏற்படும் நுண்ணிய அரிப்பும் அதன் வலிமையை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே படகு, குழாய், தொட்டி, கான்கிரீட் கம்பி ஆகியவற்றுக்கு எந்த இழை ஏற்றது என்று தீர்மானிக்கும் முன், அதைத் தொடப்போகும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறிந்தாக வேண்டும்.

நீர் கண்ணாடியைத் தாக்கும்போது முதலில் சோடியம் போன்ற கார அயனிகள் வெளியேற, அவற்றின் இடத்தில் ஹைட்ரஜன் அயனிகள் புகுகின்றன. இதனால் இழையைச் சுற்றித் தேங்கிய நீரின் காரத்தன்மை உயர்கிறது, அது பி.எச். 9-ஐத் தாண்டிச் செல்லும்போது கண்ணாடியின் அடிப்படைக் கட்டமைப்பான சிலிக்கா வலைப்பின்னலே விரைவாகக் கரையத் தொடங்குகிறது. பரவலாகப் பயன்படும் ஈ-கண்ணாடியில் கார ஆக்சைடுகள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், சாதாரண நீரில் இந்தத் தாக்குதல் மெதுவாகவே நடக்கிறது. இழைகளைப் பிணைத்து இறுகும் பிசினான பாலியெஸ்டர் ரெசினில் செய்த படகுகளில் பெரும்பாலும் முதலில் தென்படுவது இழையின் அழிவு அன்று; சவ்வூடு பரவலால் எழும் கொப்புளங்களும், இழையையும் ரெசினையும் பிணைக்கும் சிலேன் பூச்சின் தளர்வுமே. அத்தகைய படகுக்கு விலை உயர்ந்த இழையைத் தேடுவதைவிட, வெளி அடுக்குக்கு நீரை மேலும் நன்றாகத் தாங்கும் வினைல் எஸ்டர் ரெசினைப் பயன்படுத்துவதே பயன் தரும் செலவு என்பது என் கருத்து.

அமிலம் கலந்த நீரில் நிலைமை மாறுகிறது. ஈ-கண்ணாடியிலிருந்து கால்சியமும் அலுமினியமும் கரைந்து வெளியேற, மேற்பரப்பு சுருங்கி விரிசல் விடுகிறது. இழுவிசையும் சேர்ந்தால் இழை திடீரென முறியும். உயர் மின்னழுத்தக் கம்பிவடங்களைத் தாங்கும் கலப்புப்பொருள் (இழையும் ரெசினும் சேர்ந்தது) மின்காப்பிகளின் தண்டுகள் இவ்வாறு முறிந்திருக்கின்றன. அமில அரிப்பைத் தாங்கவல்ல, போரான் இல்லாத ஈசிஆர் கண்ணாடி இங்கே தெளிவாக முந்துகிறது. அதை உருக்கி இழையாக்க அதிக வெப்பம் தேவைப்படுவதால் விலை கூடுகிறது என்றாலும், பாக்டீரியாக்கள் கந்தக அமிலத்தை உருவாக்கும் கழிவுநீர்க் குழாய்களில் அந்த விலையைக் குறைக்க முயல்வது தவறு.

சிமென்ட்டின் துளைகளில் உள்ள நீர் பி.எச். 12.5-க்கும் மேற்பட்ட காரம். அதில் காப்பின்றி இடப்படும் ஈ, ஈசிஆர் இரண்டும் நிலைக்கா. 1960-களின் இறுதியில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் மேற்கொண்ட ஆய்விலிருந்து பிறந்த ஏஆர் (காரம் தாங்கும்) கண்ணாடி, ஏறத்தாழ 16 சதவீதமோ அதற்கு மேலோ சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கொண்டிருப்பதால் அந்தக் காரத்தைப் பெருமளவு தாங்குகிறது. ஆயினும் ஈரமான சூழலில் இழைகளுக்கிடையே கால்சியம் ஹைட்ராக்சைடு படிகங்கள் வளர்ந்து அவற்றை நொறுங்கச் செய்வதால், இந்த இழை கலந்த புதிய சிமென்ட் பலகையின் வலிமையை நம்பி வடிவமைப்பது ஆபத்தானது. முதுமையடைந்த பின் எஞ்சும் வலிமையே கணக்கில் வர வேண்டும்.

இழையின் வகையைப் போலவே சுமையும் முக்கியம். இடைவிடாத இழுவிசையில் நீர் மூலக்கூறுகள் விரிசல் முனையின் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளை அறுத்துக்கொண்டே போகின்றன. இதிலிருந்து மூன்று வகைகளில் எதுவும் முழுமையாகத் தப்பவில்லை. அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டி, கண்ணாடி இழைக் கம்பியில் நீடித்த சுமையால் எழும் தகைவை வடிவமைப்பு வலிமையில் 20 சதவீதத்துக்குள் நிறுத்துவதற்குக் காரணம் இத்தகைய முறிவே.