தமிழில் ஒரு விளையாட்டு உருவாக்கக் கையேடு: ஸ்க்ராட்சா, ஜிடெவலப்பா, கோடோவா?

மொரிஷியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளித் தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், பிரெஞ்சையும் தடையின்றிப் படிக்கிறார்கள். இவர்களுக்குக் கணினி விளையாட்டு உருவாக்கத்தைத் தமிழில் கற்றுத்தரும் தொடக்கநிலைக் கையேட்டை எழுத முனைபவர், எந்த மென்பொருள் ஆற்றல் மிக்கது என்பதைவிட, எந்தப் பக்கத்தில் வாசகர் திணறுவார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஸ்க்ராட்ச், ஜிடெவலப், கோடோ ஆகிய மூன்று விளையாட்டு உருவாக்க மென்பொருள்களை ஒப்பிட வசதியாக ஒரே விளையாட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு டோடோ பறவை ஓடுகிறது, தாவுகிறது, தேங்காய்களைப் பொறுக்குகிறது, அதன் மதிப்பெண் திரையின் மேற்புறத்தில் தமிழில் தெரிகிறது.

யூனிட்டி என்னும் இன்னொரு விளையாட்டு உருவாக்க மென்பொருளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். நிறுவுவதற்கே பல ஜிபி இடம் வேண்டும். சி ஷார்ப் என்னும் நிரல்மொழியும் தெரிந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கைக்கு ஏற்ப அதை உருவாக்கியவரிடம் வாங்குவதாக 2023 செப்டம்பரில் அறிவித்த கட்டணத்தை 2024 செப்டம்பரில் அந்நிறுவனமே கைவிட்டது. இப்படி மாறும் விதிகளைப் பின்தொடர்ந்து ஒரு சிறு கையேட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது வீண் வேலை.

எம்ஐடி மீடியா லேப் 2007இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் முறையில் இயங்குவதால், எழுத்துப்பிழையால் நிரல் நின்றுபோகும் பேச்சுக்கே இடமில்லை. டோடோவை இடமும் வலமும் நகர்த்த அரைப் பக்கம் போதும். ஆனால் தாவுதல் என்று வந்தவுடன், மேல்நோக்கிய வேகத்தின் எண்ணைச் சேமிக்க ஒரு மாறியை உருவாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் அதைக் குறைத்து, தரையைத் தொட்டதா என்று சோதிப்பது வரை அனைத்தையும் நாமே அமைக்க வேண்டியிருக்கிறது. ஈர்ப்பு விசையைப் புரியவைக்க இது அருமையான வாய்ப்புதான். எனினும் மூன்றாம் பக்கத்திலேயே எதிர்மறை எண்களைச் சந்திக்கும் எட்டு வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடக்கூடும்.

பிரெஞ்சுக்காரரான ஃப்ளோரியன் ரிவால் தொடங்கிய ஜிடெவலப், இந்தத் தடையைத் தாண்ட, முன்பே எழுதிவைத்த இயக்க விதிகளான ஆயத்த நடத்தைகளை வைத்திருக்கிறது. டோடோவுக்குத் தாவும் பாத்திரம் என்ற நடத்தையையும் தரைக்கு மேடை என்ற நடத்தையையும் சேர்த்தால், அம்புக்குறி விசைகளுக்கு ஓட்டமும் ஸ்பேஸ் விசைக்குத் தாவலும் உடனே கிடைக்கின்றன. மற்றவற்றை இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல் என்று வரிசையாக அடுக்கலாம். கையேடு மெலிந்துவிடுகிறது, முதல் வகுப்பு முடிவதற்குள் பறவை தாவிவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது மறைந்திருப்பது குறைதான், ஆனால் முதல் கையேட்டில் அதை நான் பெரிதுபடுத்தமாட்டேன்.

கட்டற்ற மென்பொருளான கோடோவுக்கு எழுதுவது இம்மூன்றிலும் கடினமானது, பலனும் அதிகமானது. அர்ஜென்டினாவில் உருவாகி 2014இல் மூலநிரலுடன் வெளியிடப்பட்ட இது, பழைய கணினிகளிலும் பெரும்பாலும் இயங்கும் அளவுக்குச் சிறியது. அதன் ஜிடிஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, பைத்தான் நிரல்மொழியை ஒத்திருப்பதால், வரித் தொடக்கத்தில் டேபும் இடைவெளியும் கலந்துவிட்டால் நிரல் ஓடாது; இந்த எச்சரிக்கை முதல் நிரலுக்கு முன்பே வர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் பதிப்பு மாற்றம். 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் பாத்திரத்தை நகர்த்தும் கணுவின் (விளையாட்டை அமைக்கும் அடிப்படை உறுப்பின்) பெயரே மாறிவிட்டது. முன்பு வேகத்தை அடைப்புக்குறிக்குள் பெற்ற நகர்வுக் கட்டளை, இப்போது எதையும் பெறுவதில்லை. மூன்றாம் பதிப்புக்கான பழைய பாடத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் மாணவருக்குப் பிழையைச் சுட்டும் சிவப்பு வரிகள்தாம் மிஞ்சும்.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை அதே நான்காம் பதிப்புதான் கைகொடுத்தது. மூன்றாம் பதிப்பில் ‘கொ’ என்று இட்டால், கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து நிற்காமல் எழுத்து சிதறியது. நான்காம் பதிப்பின் புதிய எழுத்தமைப்பு முறை அதைச் சரியாகக் காட்டுகிறது. என்றாலும் விளையாட்டை இணையத்துக்கு ஏற்றும்போது கணினியிலுள்ள எழுத்துரு உதவிக்கு வராது என்பதால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைத் திட்டத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். ஸ்க்ராட்சிலும் ஜிடெவலப்பிலும் எழுத்தை வரையும் பொறுப்பு உலாவியின் நுட்பத்திடம் இருப்பதால், கொம்புகள் இடம் மாறுவதில்லை.

ஆகவே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் முதல் கையேட்டை ஜிடெவலப்புக்கு எழுதுவதே என் தேர்வு. கோடோவுக்கு எழுதுவதானால் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களை மனத்தில் கொண்டு எழுதலாம். அப்போது பதிப்பு எண்ணை அட்டையிலேயே அச்சிட்டுவிட வேண்டும். எதற்கு எழுதினாலும் கணினித் திரையின் படப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) பிரெஞ்சு இடைமுகத்திலிருந்து எடுப்பதா ஆங்கிலத்திலிருந்து எடுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிப் பக்கம் வரை அதையே பின்பற்றுவது நல்லது.