நனைத்த கைக்குட்டையால் தேய்த்துப் பார்க்காமல் சோபா விரிப்பு வாங்காதீர்கள்

ஜெயநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'நெசவாளர் நேரடி விற்பனை' என்று பதாகை கட்டிப் பத்து நாள் கடை போட்டிருந்தவர்களிடம் 7,800 ரூபாயைப் பறிகொடுத்தேன். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பா ஆசையாகச் செய்துவைத்த சோபாவின் உறையில் சிவப்புச் சாயம் இறங்கிவிட்டது. பெங்களூரில் நம்மவர்களில் இன்னொருவர் இதே ஆட்களிடம் சிக்கக் கூடாது என்பதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றும் ஒற்றை இருக்கைகள் இரண்டும் இருக்கின்றன. தேக்குச் சட்டம், இன்றைக்கும் ஆட்டம் கிடையாது. உறைதான் கைப்பிடிப் பக்கமாக வெளுத்துவிட்டது. மெத்தை மாற்றி உறை தைக்க 32,000 ரூபாய் கேட்டார்கள். தங்கையின் வளைகாப்புக்கு இரண்டு வாரமே இருந்தது. நல்ல நெசவுத் துணியாக மூன்று வாங்கி மேலே விரித்தால் கூடத்துக்கே புதுக்களை வந்துவிடும் என்று முடிவு செய்தேன். அந்த யோசனை சரியானது என்று இப்போதும் சொல்வேன்.

கடையில் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "சென்னிமலைதான் எங்கள் ஊர் அக்கா. அப்பா தறியில் உட்கார்ந்து நெய்தது. சுத்தப் பருத்தி. பெரிய சோபாவுக்கு முழுதாக வரும்" என்றான். என் அம்மா பிறந்த ஊர் சென்னிமலை. தாத்தா குழித்தறியில் போர்வை நெய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். 'அப்பா நெய்தது' என்று கேட்ட பிறகு பேரம் பேச எனக்கு நா எழவில்லை. ஒன்று 2,600 ரூபாய் வீதம் மூன்று எடுத்தேன். பில் கேட்டேன். புத்தகம் தீர்ந்துவிட்டது என்று விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையை எழுதிக் கொடுத்தான். யுபிஐயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்தது கடையின் பெயரும் அல்ல, அவன் சொன்ன பெயரும் அல்ல. அந்த இடத்திலேயே துணியை வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

வீட்டில் அளந்தபோது 50 அங்குல அகலம், 60 அங்குல நீளம். ஒருவர் மடியில் போர்த்திக்கொள்ளும் அளவு அது. பெரிய சோபாவின் முதுகும் இருக்கையும் மூட வேண்டுமென்றால் இரட்டைக் கட்டில் விரிப்பைப் போல 90க்கு 100 அங்குலமாவது வேண்டும். சரி போகட்டும் என்று நீளவாக்கில் மூன்றாக மடித்து, முதுகின் ஒரு பக்கத்தில் குஞ்சம் தெரியும்படி தொங்கவிட்டேன். அரக்குச் சிவப்பு, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வளைகாப்பன்று பன்னீர் தெளித்தபோது நாலைந்து துளிகள் அந்தத் துணியின் மேலும் விழுந்தன. பெரியம்மா அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது அவருடைய சந்தன நிறப் பட்டுப்புடவையின் தோள் பக்கத்தில், குஞ்சத்தின் முடிச்சுகள் ஒவ்வொன்றும் பொட்டு வைத்தாற்போல வரிசையாகச் சிவந்திருந்தன. "பழைய புடவைதானே, விடு" என்றார். அது அவர் மகன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் ஒரு துணியை வாளியில் ஊறப் போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றியும் சிவப்பு நிற்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் தனித்தனியாக உருவித் தீக்குச்சியில் காட்டினேன். ஊடை காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானது. அது பருத்தி. பாவு சுருங்கி உருகி, நுனியில் கடுகு போலக் கறுத்த உருண்டையாக இறுகியது. அது பாலியெஸ்டர். சுத்தப் பருத்தி என்று சொன்னது பொய்.

கார்டில் இருந்த எண்ணுக்குப் படங்களை அனுப்பினேன். "உப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள் அக்கா, நின்றுவிடும்" என்று ஒரே ஒரு பதில் வந்தது. அதன் பிறகு எண்ணையே முடக்கிவிட்டான். உப்பு சாயத்தொட்டியில் நிறம் நூலில் ஏற உதவும். சரியாகப் பிடிக்காமல் விட்ட சாயத்தை வீட்டு வாளியில் அது நிறுத்தாது. மண்டபத்துக்குப் போய்க் கேட்டால், வாடகைக்கு விட்டதோடு சரி என்கிறார்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருப்பது யுபிஐ பதிவும் அந்தக் கார்டும்தான். முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் அச்சிட்ட பில் ஏன் அவசியம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். சாயம் நிற்கும் போர்வையை நெய்து தருபவர்கள் சென்னிமலையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி இந்தக் கலப்புத் துணியை விற்றால், நாளை உண்மையான நெசவாளி வாசலுக்கு வந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். கைத்தறி என்று யாராவது சொன்னால் 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் எண் இருக்கும்.

இப்போது சோபாவில் கிடப்பது அம்மாவின் பெட்டியில் இருந்த பழைய சென்னிமலைப் போர்வை. வழுக்கி இறங்காமலிருக்க, செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் செருகியிருக்கிறேன். சாயம் இறங்கிய இடம் அதன் அடியில் மறைந்திருக்கிறது.

போன வாரம் மல்லேஸ்வரத்தில் அதே எழுத்தில், அதே வாசகத்தோடு ஒரு பதாகையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் நனைத்த வெள்ளைக் கைக்குட்டையும் அளவு நாடாவும் கையில் கொண்டு போங்கள்.